பேருந்து நிறுத்தத்தில் ஓர் அருவி

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் இருக்கிறது அவோமோரி மாகாணம். ஆப்பிளுக்கும் ஆள் உயரம் கொட்டும் பனிக்கும் பேர்போன இடம். அங்கே 102-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஒய்ராசே என்ற மலையாற்றின் கரையை விட்டு விலகாமல் 14 கிலோமீட்டர் போகிறது. மேல் முனையில் தொவாதா ஏரியிலிருந்து ஆறு புறப்படும் நெனோகுச்சி, கீழ் முனையில் யாகெயாமா என்ற சிற்றூர். இரண்டுக்கும் நடுவே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அருவிகள். மலையேற வேண்டாம், நுழைவுச்சீட்டு கிடையாது. சாலையில் நின்று தலையைத் திருப்பினால் போதும். சில அருவிகளின் பெயரிலேயே பேருந்து நிறுத்தம் இருக்கிறது.

வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நல்ல அருவி என்றாலே பெரும்பாலும் முந்நூறு, நானூறு படிகள் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் அடிவாரத்துக் கடையில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பி வந்தவர்கள் செல்போனில் காட்டும் படம்தான் அவர்கள் பார்த்த அருவி. எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக அந்தக் காவல் வேலை அம்மாவுடையது. டோக்கியோவில் வேலை பார்க்கும் அண்ணன், “அம்மா காரை விட்டு இறங்கினாலே பார்க்கிற மாதிரி ஒரு இடம் இருக்கு” என்று சொன்னதால்தான் இவ்வளவு வடக்கே போனோம். டோக்கியோவிலிருந்து ஹச்சினோஹே வரை ஷிங்கான்சென் ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அங்கே வாடகைக் கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் யாகெயாமா. நம் ஊரைப்போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அண்ணனுக்குச் சிரமம் இல்லை.

வழியில் தொவாதா நகரம். அதைச் சுற்றியுள்ள வயல்வெளி ஒரு காலத்தில் எரிமலைச் சாம்பல் மூடிய வறண்ட மேடு. நிதோபே த்சுதோ என்ற சாமுராய் இந்த ஒய்ராசே ஆற்று நீரைத் திருப்பிக் கால்வாய் வெட்டி, 1859-இல் மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய பேரன் நிதோபே இனாசோவின் படம் வெகுகாலம் 5,000 யென் நோட்டில் இருந்தது. நாங்கள் பார்க்கப்போகும் ஆறு வெறும் அழகுக்காக ஓடும் ஆறு அல்ல, சோறு போடும் ஆறு என்பது அங்கேயே புரிந்துவிடுகிறது.

யாகெயாமாவைத் தாண்டியதும் வெளிச்சம் மாறுகிறது. அது ஜூன் மாதம். பீச், கட்சுரா, குதிரைக் கஷ்கொட்டை மரங்கள் சாலைக்கு மேலே கிளை கோத்து நிற்கின்றன. கஷ்கொட்டையின் ஒவ்வோர் இலையும் ஒரு விசிறி அளவு. சாலைக்கும் ஆற்றுக்கும் இடையே உயர வித்தியாசமே இல்லாத இடங்கள் உண்டு. காரின் கண்ணாடியை இறக்கினால் தண்ணீர்ச் சத்தம் உள்ளே வருகிறது. நடைபாதை ஒன்று ஆற்றை ஒட்டியே தொடர்கிறது. ஒரு பக்கம் சாலை, நடுவில் பாதை, மறுபக்கம் ஆறு.

முதலில் இஷிகேதோ. பெரிய பாறை ஒன்று மரத்தில் சாய்ந்து குகைபோல நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கொள்ளைக்காரி அங்கே பதுங்கியிருந்து வழிப்போக்கர்களைக் கொன்றாள் என்று கதை. பக்கத்தில் ஓய்வுக்கூடம், கழிப்பறை, உட்கார பெஞ்சுகள். கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கே சாப்பிட்டோம். குப்பைத்தொட்டியைத் தேடிப் பயனில்லை. கொண்டுவந்த காகிதத்தையும் தட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போவதுதான் ஜப்பானில் வழக்கம். அண்ணன் மகளுக்கு எட்டு வயது. டோக்கியோவிலேயே வளர்ந்தவள். எங்களுக்கு முன்னால் அவளே எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, காரின் பின்னால் வைத்துவிட்டாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குமோய் அருவி. சுமார் 25 மீட்டர் உயரம். மரங்கள் விலகிய இடைவெளியில், மூன்று தட்டாகப் பாறையில் மோதி மோதி இறங்குகிறது. காரை நிறுத்திவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பைகளுக்குக் காவல் இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல், எங்களுக்கு முன்னால் அம்மாவே அருவிக்கு எதிரில் போய் நின்றார். முகத்தில் சாரல் அடித்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அண்ணனிடம் கேட்டார்:

“ஏல, இவ்வளவு தண்ணி விழுது, ஒருத்தன்கூடத் தலையைக் காட்டலியே?”

“இங்க யாரும் குளிக்க மாட்டாங்கம்மா. பாக்க மட்டும்தான் வருவாங்க.”

“குளிக்காம அருவியில வேற என்னல செய்ய?”

தென்காசியில் பிறந்து, சாரல் காலம் என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்துபோன தலைமுறை. அந்தக் கேள்வி நியாயமானது. குற்றாலத்துப் பேரருவியும் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் விழுகிறது. ஆனால் நமக்கு அருவி என்பது உடம்பின் மேல் விழ வேண்டிய ஒன்று. ஜப்பானிலும் அருவியின் கீழே நிற்கிறவர்கள் உண்டு. யமாபுஷி எனப்படும் மலைத்துறவிகள் வெள்ளை உடுத்தி, நடுங்கும் குளிரில் மந்திரம் சொல்லி நிற்பார்கள். அது தவம். சாதாரணக் குடும்பங்கள் செய்வது, பார்ப்பதுதான். அதையும் அவசரமில்லாமல் செய்கிறார்கள். முக்காலியில் கேமராவைப் பொருத்தி ஒரே இடத்தில் அரைமணி காத்திருக்கும் பெரியவர், மடக்கு நாற்காலி போட்டு நீர்வண்ணத்தில் வரையும் அம்மாள், சாரலில் கை நீட்டிக் கண்மூடி நிற்கும் ஒரு பாட்டி. அந்தப் பாட்டி அம்மாவைப் பார்த்துத் தலை தாழ்த்த, அம்மா பதிலுக்குக் கைகூப்பினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்கள்.

இவ்வளவு அருவிகள் ஒரே பள்ளத்தாக்கில் வரிசையாக விழக் காரணம் எரிமலை. தொவாதா ஏரி, எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். 327 மீட்டர் ஆழம். ஜப்பானில் அதைவிட ஆழமான ஏரிகள் இரண்டுதான். அதன் கடைசிப் பெரிய வெடிப்பு கி.பி. 915-இல் நடந்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, நிரம்பி நின்ற ஏரி நெனோகுச்சிப் பக்கம் கரையை உடைத்துக்கொண்டது. அந்த வெள்ளம், இறுகிப் பாறையாகிக் கிடந்த சாம்பல் படிவங்களை அறுத்துக்கொண்டு இறங்கியது. பெரிய ஆறு தன் தரையை வேகமாக ஆழப்படுத்திக்கொண்டு போய்விட, பக்கத்துச் சிற்றோடைகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவை பழைய உயரத்திலேயே நின்றுபோயின. இன்று அவை ஒவ்வொன்றும் செங்குத்தான பாறைச்சுவரின் விளிம்புக்கு வந்து, வேறு வழியில்லாமல் குதிக்கின்றன. சாலை அந்தச் சுவரின் அடியிலேயே போவதால், அருவிகள் எல்லாம் சாலையோர அருவிகள் ஆகிவிட்டன.

ஆற்றின் குறுக்கே விழுவது ஒன்றே ஒன்று: சோஷி ஓதாகி. உயரம் 7 மீட்டர்தான். ஆனால் அகலம் 20 மீட்டர். ஏரியிலிருந்து வரும் ஆறு முழுவதும் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. மற்ற அருவிகளை அண்ணாந்து பார்க்கிறோம், இதற்கு நேர் எதிரே நிற்கிறோம். அதன் கனம் நெஞ்சில் இடிக்கிறது. உயரத்தை வைத்து அருவிகளைத் தரம் பிரிப்பது சரியில்லை என்று எனக்கு அங்கே உறுதியாகத் தோன்றியது. அந்தப் பள்ளத்தாக்கில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இந்த 7 மீட்டர் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு. கீழிருந்து எந்த மீனும் இதைத் தாண்டி மேலே ஏற முடியாது. அதனால் அவ்வளவு பெரிய தொவாதா ஏரியில் பன்னெடுங்காலமாக மீனே இல்லை. ஏரிக்கு அருகே இருந்த சுரங்கத்தில் வேலை பார்த்தவர் வாய்னாய் சதாயுகி. 1858-இல் பிறந்தவர். கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் மலைமக்களுக்கு மீன் கிடைக்கவேண்டும் என்று 1884-இல் ஏரியில் கெண்டைக் குஞ்சுகளை விட்டார். சரிவரவில்லை. வேறு மீன்களை விட்டார். அவையும் தங்கவில்லை. வேலையை விட்டார், சொத்தைச் செலவழித்தார். கடைசியில் ஹொக்கைடோவின் ஷிகோட்சு ஏரியிலிருந்து ஹிமேமசு என்ற நன்னீர் சால்மன் மீனின் முட்டைகளை வரவழைத்துப் பொரித்து, 1903-இல் குஞ்சுகளை விட்டார். 1905 இலையுதிர் காலத்தில், வளர்ந்த மீன்கள் கூட்டமாகக் கரைக்குத் திரும்பி வந்தன. தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் கூட நின்ற மனைவி கட்சு, 1907-இல் காலமானார். ஏரிக்கரையில் இன்று இவர்கள் நினைவாக ஒரு கோயில் இருக்கிறது. ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் உப்புத் தடவிச் சுடும் ஹிமேமசுதான் சிறப்புப் பண்டம். ஒரு மனிதரின் பிடிவாதம் ஓர் ஊருக்கே தொழிலாகியிருக்கிறது.

மீனைப் பற்றி அந்தப் பக்கத்தில் இதைவிடப் பழைய கதை ஒன்றும் சொல்கிறார்கள். ஹாச்சிரோதாரோ என்ற இளைஞன் இரண்டு தோழர்களோடு மலைக்குப் போனான். அன்று சமையல் அவன் முறை. ஓடையில் மூன்று மீன் பிடித்துச் சுட்டான். தன் பங்கைத் தின்றான். ருசி விடவில்லை, மற்ற இரண்டையும் தின்றுவிட்டான். உடனே தாங்கமுடியாத தாகம். நாள்கணக்கில் ஓடையிலேயே வாய் வைத்துக் குடித்தான். நிமிர்ந்தபோது அவன் டிராகன் ஆகியிருந்தான். ஓடையை அடைத்து அவன் உண்டாக்கியதுதான் தொவாதா ஏரி. பிறகு நான்சோபோ என்ற துறவி வந்து, ஏழு நாள் இரவு பகலாகச் சண்டையிட்டு அவனை விரட்டினாராம். அண்ணன் மகள் இந்தக் கதையை அம்மாவுக்கு முழுசாகச் சொன்னாள். “பாத்தியா, பங்கு வச்சுத் திங்காதவன் கதி” என்றார் அம்மா. “ஆச்சி, அப்ப அந்தச் சாக்லேட்ல எனக்குப் பாதி” என்று அவள் கை நீட்டினாள்.

சோஷி ஓதாகிக்குப் பக்கத்திலும், வழிநெடுகப் பாலங்களின் கைப்பிடிச் சுவர்களிலும் ஒன்றைக் கவனித்தோம். கல்லும் சிமென்டும் தெரியவில்லை, அவ்வளவும் பாசி. ஒய்ராசேயில் ஏறக்குறைய 300 வகைப் பாசிகள் இருக்கின்றன. ஜப்பானியப் பாசியியல் சங்கம் 2013-இல் இதை நாட்டின் அரிய பாசிக் காடுகளில் ஒன்றாக அறிவித்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் சில அடி தூரம் மட்டும் நகரும் குழுக்களை அங்கே பார்க்கலாம். எங்களுக்கும் ஒரு கண்ணாடி கிடைத்தது. அதை வைத்துப் பார்த்தால், வெறும் பச்சைப் பூச்சாகத் தெரிந்தது ஒரு காடாகிவிடுகிறது. ஒன்று ஊசியிலை மரத்தின் கன்று போல நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று தரையோடு ஒட்டிப் பின்னிப் படர்கிறது, மூன்றாவதன் உச்சியில் முடியளவு காம்பில் பழுப்பு நிறக் குப்பி, அதன் நுனியில் ஒரு சொட்டு நீர். அந்தச் சொட்டுக்குள் எதிர்க்கரை மரங்கள் தலைகீழாக நிற்கின்றன. அம்மாவுக்கு இதற்குக் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவர் இடுப்பளவு உயரம். கண்ணாடியைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமே இல்லை.

ஆற்றின் நடுவே கிடக்கும் பாறைகளும் பச்சைதான். சில பாறைகளின் மேல் மரமே முளைத்திருக்கிறது. வேறெந்த மலையாற்றிலாவது இப்படிப் பார்க்க முடியுமா? ஒரு நல்ல வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும். ஒய்ராசேயில் அப்படி நடப்பதில்லை. காரணம், மேலே இருக்கும் ஏரி மழையை வாங்கித் தேக்கிக்கொள்கிறது. அதோடு நெனோகுச்சியில் ஒரு மதகும் இருக்கிறது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் ஏரிநீரைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, ஆற்றில் எவ்வளவு நீர் இறங்கவேண்டும் என்பதை அந்த மதகுதான் தீர்மானிக்கிறது. சுற்றுலாப் பருவத்தில் பகலில் கூடுதலாகத் திறந்து, இரவில் குறைக்கிறார்கள். இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ‘அப்படியானால் இது இயற்கை இல்லையா?’ என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்சாரம் எடுக்கிறவர்கள், வயலுக்கு வாங்குகிறவர்கள், அருவி பார்க்க வருகிறவர்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஓர் ஆற்றைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த உடன்பாட்டின் மேல்தான் பாசி வளர்கிறது.

பாதுகாப்பு என்பது அங்கே கறாரானது. தேசியப் பூங்காவின் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியில் பூவைப் பறிப்பது மட்டுமல்ல, உதிர்ந்த இலையை எடுத்துப்போவதும் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்கும். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. 2003-இல், இஷிகேதோவுக்கு அருகில் பீச் மரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து, வந்திருந்த பெண் ஒருவர்மேல் விழுந்தது. படுகாயம். மரத்தைத் தொடாமல் விடுவதுதானே கொள்கை என்று அரசு சொல்லிவிட முடியவில்லை. மக்களை அழைக்கும் இடத்தில் அவர்கள் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்துக்கொள்வதும் பொறுப்பு என்று நீதிமன்றங்கள் சொல்லின. மத்திய அரசும் மாகாணமும் இழப்பீடு தரவேண்டும் என்பது 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. சாலையோர அருவியின் விலை இது. எல்லோரையும் வரவேற்றால், எல்லோருக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

எல்லோரும் வரத் தொடங்கியதற்கு ஓர் எழுத்தாளர் காரணம். ஓமாச்சி கெய்கெட்சு தெற்கே கோச்சியில் பிறந்தவர். 1908-இல் இந்தப் பக்கம் பயணம் வந்து எழுதினார். அதுவரை உள்ளூர்க்காரர்கள் மட்டுமே அறிந்த பள்ளத்தாக்கை நாடு திரும்பிப் பார்த்தது. இந்த இடம் அவரை விடவில்லை. கடைசியில் தன் குடும்பப் பதிவையே பக்கத்திலிருக்கும் த்சுதா வெந்நீர் ஊற்று ஊருக்கு மாற்றிக்கொண்டு, 1925-இல் அங்கேயே இறந்தார். 1936-இல் தொவாதா தேசியப் பூங்காவானது. ஏரிக்கரையில், எதிரெதிரே கை நீட்டி நிற்கும் இரண்டு பெண்களின் வெண்கலச் சிலை 1953-இல் வைக்கப்பட்டது. சிற்பியும் கவிஞருமான தகாமுரா கோதாரோவின் கடைசிப் பெரிய படைப்பு அது. பூங்காவுக்கு உழைத்த மூவருக்கான நினைவுச் சின்னம்: கெய்கெட்சு, ஒரு மாகாண ஆளுநர், ஒரு கிராமத் தலைவர். எழுதியவர், ஆண்டவர், ஊர்க்காரர் என்று மூவரையும் சேர்த்து நினைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

அவர்கள் திறந்துவிட்ட வழியே இன்று நெரிசலாகிவிட்டது. அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். இலையுதிர் பருவத்தில் சில நாட்கள் சொந்தக் கார்களுக்குத் தடை விதித்து, பேருந்துகளை மட்டும் விடுகிறார்கள். நிரந்தரத் தீர்வாக, பள்ளத்தாக்கைத் தொடாமல் மலைக்குள் புகுந்து போகும் மாற்றுப்பாதை ஒன்றைக் கட்டுகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சுரங்கம். அது முடிந்தால், ஏரிக்குப் போகிற வண்டிகள் அருவிகளின் காலடியில் புகைவிட்டுப் போகவேண்டியதில்லை.

சாலையை மூடிவிட்டால் அம்மா மாதிரி ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று முதலில் எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் சோஷி ஓதாகிக்கு எதிரே நின்றபோது, பின்னால் போகும் கார்களின் சத்தத்தில் நாங்கள் வந்த காருக்கும் பங்கு உண்டு என்பதும் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்குச் சாலை வேண்டும், கார்கள் வேண்டாம். குமோய் அருவி, சோஷி ஓதாகி என்று ஒவ்வொன்றின் வாசலிலும் நிற்கிற பேருந்து இருந்தால், கைத்தடியோடு வருகிறவரும் தள்ளுவண்டியில் வருகிற குழந்தையும் இப்போது பார்ப்பதைவிட நன்றாகவே பார்க்கலாம். இந்த விஷயத்தில் அவோமோரிக்காரர்கள் போகும் திசை சரியானது. சாலையோர அருவி வைத்திருக்கிற எந்த ஊரும் அதைக் கவனிக்கவேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அவோமோரியிலிருந்தும் ஹச்சினோஹேயிலிருந்தும் ஏரி வரை பேருந்துகள் ஏப்ரல் முதல் நவம்பர் வரையே ஓடுகின்றன. புறப்படும் முன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவை அடிக்கடி வருவதில்லை. கரடிகள் நடமாடும் காடு, நடப்பதானால் மணி கட்டிக்கொள்ளுங்கள். நல்ல காலுள்ளவர்கள் இஷிகேதோவில் இறங்கி, ஆற்றுக்கு எதிராக நெனோகுச்சி வரை நடக்கலாம், சுமார் 9 கிலோமீட்டர். வீட்டுப் பெரியவர்களைக் குமோய் அருவி நிறுத்தத்தில் இறக்கி, அடுத்த பேருந்தில் சோஷி ஓதாகிக்கு அழைத்துப் போங்கள். ஜூன் மாதம், வாரநாள், காலை நேரமாக இருந்தால் நல்லது. கார் எடுக்காதீர்கள்.